திருப்பிச் சொன்ன வாய்

லிஃப்ட் கம்பெனியின் சரக்கறையில், எண்ணெய் டப்பாக்களுக்கும் சுருட்டி வைத்த இரும்புக் கயிறுகளுக்கும் நடுவே வெள்ளைப் பலகையொன்றை நிறுத்தி, அதன் நடுவில் நேர்கோடு கிழித்தார் மொழி ஆசிரியை. இடப்பக்கம் டச்சு, வலப்பக்கம் எஸ்டோனியம். கம்பெனிக்கு இரண்டு நாடுகளிலும் வேலை கிடைத்திருந்தது. ஆட்களை இருவர் இருவராக அனுப்புவார்கள். எந்த மொழியைக் கற்கப்போகிறோம் என்பதை ஒவ்வோர் இணையும் படிவத்தில் குறித்து, மதியத்திற்குள் மேலாளரிடம் கொடுத்தாக வேண்டும்.

பின்வரிசையில் உட்கார்ந்திருந்தவரை எல்லாரும் 'நிதானம்' என்றே அழைப்பர். பத்தொன்பது ஆண்டுகளாக லிஃப்ட் பழுது பார்ப்பவர். ஒரு திருகாணியை முடுக்கினால் மூன்று முறை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கையை எடுப்பார். பக்கத்தில் இருந்தவன் அவருடைய மனைவியின் தம்பி. வேலையில் அவருக்கு இணையும் அவனே.

டச்சு ஆங்கிலத்துக்கு ஒன்றுவிட்ட தங்கை என்றார் ஆசிரியை. தண்ணீருக்கு அங்கும் 'வாட்டர்', புத்தகத்துக்குப் 'பூக்'. ஆங்கிலம் கொஞ்சம் அறிந்தவர்க்கு வாய் தானாகவே ஓடும். தொண்டையைச் செருமுவது போன்ற ஓர் ஒலியும், பெயர்களுக்கு முன்னே நிற்கும் இரண்டு குட்டிச் சொற்களுமே தொல்லை தரும்; எந்தப் பெயருக்கு எது என்பதை மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை. எஸ்டோனியத்திலோ ஆங்கிலத்தின் வாடை அபூர்வம். தண்ணீர் 'வெசி', புத்தகம் 'ராமத்'. அவனுக்கும் அவளுக்கும் ஒரே சொல். சொல்லின் வாலில் உருபை ஒட்டுவது தமிழருக்குப் பழகிய சங்கதிதான் என்றாலும், வேற்றுமை பதினான்கு. போதாக்குறைக்குக் குறில், நெடில், அதற்கும் மேலே இன்னொரு நீளம்.

"மாமா, எட்டு வேற்றுமைக்கே என்னை எட்டுத் தடவை பெஞ்சு மேல ஏத்தினாங்க," என்று காதோரம் முணுமுணுத்தான் மச்சான். "பதினாலுன்னா நான் இறங்கவே வேண்டாம்."

நிதானம் சிரிக்கவில்லை. மொழி வகுப்பு என்று அறிவித்த நாளிலிருந்தே அவருக்குப் பயம்தான்.

பிறகு ஆசிரியை, தாம் சொல்வதை அனைவரும் திருப்பிச் சொல்ல வேண்டும் என்றார். "ஓம்ஹோக்" என்றார். பன்னிரண்டு பேரும் ஒரே குரலில் "ஓம்ஹோக்" என்றனர். லிஃப்ட்காரர்களைப் போலச் சட்டென்று திருப்பிச் சொல்கிறவர்களை இதுவரை கண்டதில்லை என்று பாராட்டிவிட்டு, அதற்கு என்ன பொருள் என்று கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. 'மேலே' என்று பொருள் என்றதும் அறையே குலுங்கிச் சிரித்தது.

நிதானம் மட்டும் தம் இடக்கையைப் பார்த்துக்கொண்டார். அவரும் திருப்பிச் சொல்லியிருந்தார். தொண்டைச் செருமல்கூடப் பிசகாமல்.

அவர்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. லிஃப்ட் கூண்டின் கூரைமேல் ஒருவர் நின்று வேலை செய்வார். மேலே, இயந்திர அறையில், மற்றவர் பொத்தானருகே இருப்பார். மேலிருப்பவர் 'கீழே' என்று குரல் கொடுத்தால், கூரைமேல் நிற்பவர் கை கால்களை ஒடுக்கிக்கொண்டு, 'கீழே' என்று திருப்பிச் சொல்ல வேண்டும். அந்தக் குரல் வந்த பின்னரே பொத்தானை அழுத்தலாம். திருப்பிச் சொன்ன குரல்தான் உயிருக்குக் காவல்.

ஒன்றரை மாதத்துக்கு முன்னர் நிதானம் கூரைமேல் நின்று, சுவருக்கும் கூண்டுக்கும் இடைப்பட்ட சந்தில் இடக்கையை நீட்டி, கூண்டு வழுக்கி ஓடும் தண்டவாளத்தில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். மச்சான் குரல் கொடுத்தான். அவருடைய வாய் 'கீழே' என்றது. காதில் விழுந்தது மனத்துக்கு எட்டவில்லை. பத்தொன்பது ஆண்டுப் பழக்கத்தில் நாக்கு தானாகப் புரண்டுவிட்டது. கூண்டு இறங்கிற்று. சுவரிலிருந்த இரும்புத் தாங்கி கையுறையைப் பிடுங்கிக்கொண்டது. கை மட்டும் எப்படியோ திரும்பி வந்தது. கையுறை தொலைந்துவிட்டது என்று எல்லாரிடமும் சொல்லிவைத்தார்.

தாய்மொழியிலேயே இந்தக் கதியென்றால், கிளிப்பிள்ளைபோல் கற்கும் ஒரு மொழியில் என்ன ஆகும்?

இடைவேளையில், படிக்கட்டின் திருப்பத்தில், படிவத்தை விரித்த மச்சான் டச்சுக் கட்டத்தின்மேல் பேனாவை வைத்தான். எஸ்டோனியம் போடலாம் என்றார் நிதானம். அவன் விடவில்லை. கஷ்டமானதைத் தேடிப்போய்க் கட்டிக்கொள்வதே மாமாவின் ராசி, தன் அக்காவைக் கட்டியதே அதற்குச் சாட்சி என்று கேலி செய்தான். மாமாவின் முகத்தைப் பார்த்ததும் கேலி பாதியில் நின்றது.

"அன்னிக்கு நீ 'கீழே'ன்னு சொன்னது என் மனசுல ஏறவே இல்ல," என்றார்.

"என்னிக்கு? நீங்கதான் பதில் சொன்னீங்களே."

"வாய் சொல்லிச்சு. நான் சொல்லல. கை சந்துக்குள்ள இருந்துச்சு. கையுறை தொலையல, மச்சான்."

அவன் பேயறைந்தாற்போல் நின்றான். தன் வலக்கைப் பெருவிரலையே வெகுநேரம் பார்த்தான்.

"அமுக்கினது நான்," என்றான் மெல்ல. "அக்கா முகத்துல எப்படி முழிச்சிருப்பேன்?"

பிறகு அவனே ஒரு முடிவுக்கு வந்தான். எஸ்டோனியமே இருக்கட்டும், டச்சு போல நாக்கில் தானாக ஓடாது, ஒவ்வொரு சொல்லையும் யோசித்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். இனிமேல் கூண்டின்மேல் தான் நிற்பதாகவும், பொத்தான் மாமாவின் கையில் இருக்கட்டும் என்றும் சொன்னான்.

அதைக் கேட்டால் பயம் தெளியுமென்று எதிர்பார்த்தார் நிதானம். பயம்தான் கூடிற்று. வகுப்பில் எல்லாரையும்விட உரக்க ஓம்ஹோக் என்று கத்தியவன் இவன். முதலாண்டில் யோசித்துச் சொல்வான். மூன்றாமாண்டில் எஸ்டோனியமும் பழகிப்போகும். அந்நிய ஊரில், லிஃப்டின் இருட்டுக் குழாய்க்குள்ளிருந்து அவன் குரல் ஏறி வரும். அது மனம் அறிந்து சொன்னதா, வாய் மட்டும் சொன்னதா என்று எவர் கண்டார்?

"உன் குரல் வந்தா, நான் எதை நம்பி அமுக்குவேன்?" என்று கேட்டார்.

மச்சான் படிவத்தை மடித்தான்.

மேலாளரிடம் சொல்லிவிடலாம் என்றார் நிதானம். குரலை மட்டும் நம்பும் விதியோடு இன்னொரு காப்பும் வேண்டும். கூரைமேல் நிற்பவன் கையாலேயே அழுத்தினாலொழிய இயங்காத பொத்தானோ, வேறு எதுவோ. மச்சான் மறுத்துத் தலையசைத்தான். மறைத்த விபத்தை இப்போது சொன்னால் விசாரணை முடியும்வரை இருவரையும் கூண்டுப் பக்கமே அண்டவிடமாட்டார்கள். இணையைப் பிரித்தாலும் பிரிப்பார்கள். வெளிநாட்டு வாய்ப்பும் கைநழுவிப் போகும் என்றான்.

"தெரியும்," என்றார் நிதானம்.

மேலாளரின் அறை பத்தடி தூரம்தான். அந்தப் பத்தடிக்குள் அவருக்கு இருமுறை திரும்பிவிடலாம் என்று தோன்றியது. கதவைத் தட்டியது யார் என்று பார்த்தபோது, மச்சானின் கை கதவில் இருந்தது.

"டச்சா, எஸ்டோனியமா?" என்று நிமிராமலே கேட்டார் மேலாளர்.

நிதானம் நாற்காலியின் முதுகைப் பற்றிக்கொண்டார். ஒவ்வொரு சொல்லையும் யோசித்து எடுத்தார்.

"அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும், சார். ஒன்றரை மாசத்துக்கு முன்னாடி நடந்தது."

மேலாளர் பேனாவை மூடி வைத்தார். மச்சான் கதவை உட்பக்கமாகச் சாத்திவிட்டு, மாமாவை ஒட்டி வந்து நின்றான்.