ஓடைக்கு வந்த குரல்

2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது இருபதுக்கு, கள்ளக்குறிச்சியில் தன் வீட்டு முன்னறையில் மஜீத் இறந்தார். வயது அறுபத்திரண்டு. இரும்புச் சாமான் கடை வைத்திருந்தவர். அந்த நேரத்தில் அவருடைய தம்பி சுஐப் ஐம்பது கிலோமீட்டர் தள்ளி, கல்வராயன் மலையில் ஓர் ஓடைக்கரையில் குப்புறப் படுத்துக் கிடந்தார்.

பெரிய ஓடை இல்லை. இரண்டு எட்டு வைத்தால் தாண்டிவிடலாம். இரு கரையிலும் உண்ணிச்செடியும் மூங்கிலும் கவிந்து, மேலேயிருந்து பார்த்தால் தண்ணீரே தெரியாது. சத்தம் மட்டும் கேட்கும். ஒரு பாறைக்கு அடியில் இடுப்பளவு பள்ளம். கெண்டைகள் அங்கேதான் இருக்கும். ஏரி மீன் மாதிரி இவை தூண்டிலைக் கண்டதும் ஓடி வருபவை அல்ல. நிழல் விழுந்தால் போய்விடும். கரையில் காலை அழுத்தி வைத்தால் போய்விடும். போனது திரும்பி வர ஒரு மணி நேரமாவது ஆகும்.

அண்ணனும் தம்பியும் முப்பது வருஷமாக வந்துபோகிற இடம். தக்கை கட்ட மாட்டார்கள். செடிக்குள் நுழைகிற மாதிரி குட்டையான மூங்கில் குச்சி, கொஞ்சம் தூண்டில் நரம்பு, முள்ளில் உயிரோடு ஒரு வெட்டுக்கிளி. இலை இடுக்கு வழியாக அதைத் தண்ணீரில் விட்டு, ஓட்டமே அதைப் பள்ளத்துக்குக் கொண்டுபோகும்வரை காத்திருக்க வேண்டும். பேசக் கூடாது. இருமக் கூடாது. யார் கூப்பிட்டாலும் எழுந்திருக்கக் கூடாது. கடைசியாகச் சொன்னது மஜீத் போட்ட சட்டம். ஆடு மேய்க்கிற ஒருவர் கூப்பிட்டார் என்று சுஐப் ஒருமுறை எழுந்து நின்றதற்கு, மலை இறங்கிக் கச்சிராயபாளையம் வரும்வரை மஜீத் வண்டியின் பின்னால் உட்கார்ந்துகொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை.

இந்த முறை போகச் சொன்னதும் மஜீத்தான். பெரிய ஆஸ்பத்திரியில் இனி செய்வதற்கு ஒன்றுமில்லை, கேட்டதைக் கொடுங்கள் என்று சொல்லி அனுப்பிப் பத்து நாள் ஆகியிருந்தது. சனிக்கிழமை சாயங்காலம், சுஐப் ஊட்டிய கஞ்சியைத் துப்பிவிட்டு மஜீத் சொன்னார்:

"அந்த ஓடக் கெண்ட ஒண்ணு வறுத்துக் குடுத்தா எறங்குமோ இன்னாமோ."

"கடையில கெடைக்காத மீனா?" என்றார் அவர் மனைவி ரிஹானா. "இந்த நெலமையில வுட்டுட்டு சுஐப்பு மலைக்குப் போவணுமா?"

"கடை மீனு ஐஸ்ல கெடந்து கண்ணு செத்துப் போயிருக்கும். நானே அப்டித்தான் கீறேன். ரெண்டு பேரும் மொகத்த மொகம் பாத்துக்கினு இருக்கவா?"

ரிஹானா முந்தானையால் அவர் வாயைத் துடைத்தார். சிரிக்கவில்லை.

"போய்ட்டு வரட்டும் வுடு. டேய், மத்தியானத்துக்குள்ள வந்துடு. சின்னதா ஒண்ணப் புடிச்சாந்து மானத்த வாங்காத."

காலை ஏழு மணிக்கு சுஐப் மலைமேல் ரோட்டோர டீக்கடையில் வண்டியை நிறுத்தினார். வழக்கமாக நிறுத்துகிற இடம்; ஓடையில் சிக்னல் கிடைக்காது என்பதால் வீட்டில் அவசரம் என்றால் இந்தக் கடைக்குத்தான் போன் வரும். கடைக்காரப் பெண் பெரியநாயகி பின்சீட்டைப் பார்த்தாள்.

"இன்னா பாய், தனியா வந்துக்கினு? பெரிய பாய் எங்க?"

"ஒடம்பு சரியில்ல. மீனு கேட்டாரு."

"அவரு இல்லாம உனக்கு மீனு மாட்டுமா? உன்னக் கண்டாலே அதுங்க ஓடிப்பூடுமே!" சிரித்துக்கொண்டே டீயைக் கொடுத்தாள். "சீக்கிரம் வா. பத்து மணி டீயப் போன தடவ மாதிரி ஆற வுட்டீன்னா தொண்டகிழியக் கூப்புடுவேன்."

எட்டரைக்கு ஒரு மீன் மாட்டியது. விரல் நீளம். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். இதைக் கொண்டுபோய் நீட்டினால் அண்ணன் என்ன சொல்வார் என்று அவருக்குத் தெரியும். தண்ணீரில் விட்டுவிட்டார்.

பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் பாறை நிழலிலிருந்து பெரியது வெளியே வந்தது. அரை முழம் இருக்கும். வெட்டுக்கிளிக்குக் கீழே வந்து நின்று, வாலை மட்டும் அசைத்தது. சுஐப் மூச்சை அடக்கினார்.

"பாய்!"

மேலே சரிவிலிருந்து பெரியநாயகியின் குரல்.

"பாய்! பாய்! இருக்கியா?"

டீ ஆறுகிறது என்று கூப்பிடுகிறாள். அப்படித்தான் அவர் நினைத்தார். அப்படி நினைத்தாரா, அப்படி நினைத்துக்கொள்ள விரும்பினாரா என்று பிறகு பல நாள் யோசித்தார். டீக்குக் கூப்பிட யாரும் சரிவு வரைக்கும் நடந்து வருவதில்லை. அந்தக் குரலில் சிரிப்பும் இல்லை. ஆனால் மீன் நின்றுகொண்டிருந்தது. அவர் கன்னத்தை மண்ணில் பதித்து அசையாமல் கிடந்தார். மூன்றாவது தடவை கூப்பிட்டபோது மீன் திரும்பி, வந்த வழியே பாறைக்கடியில் போய்விட்டது. செருப்புச் சத்தம் மேலே ஏறிப்போனது. கெடுத்துட்டாளே என்று பல்லைக் கடித்தார்.

அது திரும்பி வந்தது பன்னிரண்டேகாலுக்கு. இந்த முறை யோசிக்காமல் கவ்வியது.

தூக்குவாளியில் மீனோடு ரோட்டுக்கு ஏறி வந்தபோது பெரியநாயகி கடைக்கு வெளியே நின்றிருந்தாள். அடுப்பு அணைந்திருந்தது.

"எங்க பாய் போன? ஒம்போதே முக்காலுக்கு உங்க வூட்லேர்ந்து போனு வந்துச்சி. ஓடி வந்து கூப்ட்டேன். மூணு தடவ கூப்ட்டேன்."

அவர் தூக்கைப் பெஞ்சின்மேல் வைத்தார்.

"பெரிய பாய் போய்ட்டாரு, பாய்." அவள் சரிவுப் பக்கம் கையைக் காட்டினாள். "செடியில நீ இருக்கறதே தெரியல. மேல வேற எங்கியோ போய்ட்டேன்னு நெனச்சி, அங்க ஆளு இல்லன்னு சொல்லிட்டேன். நான் கீழ எறங்கிப் பாத்துருக்கணும்."

 அவள் வீட்டுக்கு அடித்து நீட்டிய போனை சுஐப் வாங்கினார். அண்ணன் மகன் ஜுனைத் எடுத்தான்.

"சின்னத்தா, எங்க இருக்கீங்க? குளிப்பாட்டிக் கபன் துணி போட்டாச்சி. இப்பத்தான் பள்ளிவாசலுக்குத் தூக்கறோம். மத்தியான லுஹர் தொழுதுட்டு அடக்கம்."

"சாயங்காலம் அஸருக்கு வெச்சிக்கக் கூடாதா?"

"நான் கேட்டேன். நீங்க எப்ப வருவீங்க, எங்க கீறீங்கன்னே தெரியாதப்ப எப்டி வெக்கறதுன்னு ஜமாஅத்துல சொல்லிட்டாங்க. மய்யித்த வெச்சிக்கினு தாமசம் பண்ணக் கூடாதாம்." பின்னால் யாரோ அவனை அவசரப்படுத்தினார்கள். "அப்பவே தெரிஞ்சிருந்தா வெச்சிருப்பாங்க, சின்னத்தா."

தூக்கைப் பெஞ்சிலேயே விட்டுவிட்டு வண்டியை எடுத்தார். மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவிலும் மணியைப் பார்த்தார். கோமுகி அணை அருகே கரும்பு டிராக்டர்கள் இரண்டு ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன, முந்த வழியில்லை. ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு, பிறகு அடிப்பதை நிறுத்திவிட்டார்.

கபர்ஸ்தானுக்குள் அவர் நுழைந்தபோது இரண்டு நாற்பது. கூட்டம் கலைந்திருந்தது. மேட்டின்மேல் தண்ணீர் தெளித்து, தலைமாட்டில் ஒரு கிளையை நட்டிருந்தார்கள். மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்து, "மூணு பிடி போட்டுக்குங்க பாய்" என்றார். சுஐப் குனிந்து மண் எடுத்தார். கை முழுக்க மீன் வாடை. எடுத்த மண்ணைக் கீழே போட்டுவிட்டுக் குழாயடிக்குப் போய்க் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்து, மறுபடி எடுத்துப் போட்டார்.

வீட்டில் உள்ளறை வாசலில் கனமான போர்வை ஒன்றைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். ரிஹானா இத்தாவில் உட்கார்ந்துவிட்டார். நாலு மாதம் பத்து நாளைக்கு வெளி ஆண்களைப் பார்க்கக் கூடாது. கணவனின் தம்பியும் அந்தக் கணக்கில்தான் வருவார். சுஐப் திரைக்கு இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்தார். பக்கத்தில் அண்ணன் மகள் ஜெபீனா சுவரில் சாய்ந்திருந்தாள்.

"அண்ணி."

"வந்துட்டியா." திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "விடியக்கால சுபுஹுலேர்ந்து கேட்டுக்கினே இருந்தாரு. வந்துட்டானா, வந்துட்டானான்னு. மீனுக்காகக் கேக்கல. மூச்சு வாங்கினதும் மீனெல்லாம் வாணாம், அவன வரச் சொல்லுன்னாரு."

ஜெபீனா முகத்தை மூடிக்கொண்டாள்.

"அந்த டீக்கடைக்காரம்மா மறுபடி போன் பண்ணி அழுதுச்சி," என்றார் ரிஹானா. "கீழ எறங்கிப் பாக்காம வந்துட்டேனேன்னு. பாவம், அது இன்னா பண்ணும்."

சுஐப் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். துணிக்குக் கீழே விரல்கடை அளவு இடைவெளியில் ஒரு கால் விரல் தெரிந்தது.

"மூணு தடவ கூப்ட்டுச்சாமே. உனக்குக் கேக்கலியா, சுஐப்பு?"

கூடத்து மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. தெருவில் யாரோ நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"கேக்கல அண்ணி," என்றார். "தண்ணி சத்தம்."

திரைக்கு அடியில் தெரிந்த கால் விரல் உள்ளே போனது. பிறகு ரிஹானா, "பக்கத்து வூட்லேர்ந்து சோறு வந்துருக்கு. சாப்பிடு," என்றார்.

இத்தா ஜூன் பதினேழாம் தேதி முடிந்தது. ரிஹானா வெளியே வந்தார். அந்தக் கேள்வியை அவர் மறுபடி கேட்கவில்லை. சுஐப் சொல்லவும் இல்லை.