குடியை விட்டவர்கள் கூடும் வீடு

இந்தக் காலத்தில் யாரிடமும் வழி கேட்கக் கூடாது. கேட்டால் வழியைச் சொல்லமாட்டார்கள். நீ யார், எந்த ஊர், எதற்கு என்று நம்மை விசாரிப்பார்கள். விசாரித்துவிட்டுத் தப்பான வழியைச் சொல்வார்கள். முன்பு தெரியாதென்றால் தெரியாது என்று சொல்லித் துண்டை உதறிப் போனார்கள்.

நான் பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் சம்மட்டி பிடித்தவன். சர்க்கார் சாராயத்தை ஒழித்துப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அந்தச் சேதி என் மச்சினன் பிச்சைக்கு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. வருகிற தையில் என் மகள் பவுனம்மாளுக்குக் கல்யாணம். தாய்மாமன்தான் மாலை போட்டுப் பெண்ணை மணவறைக்கு அழைத்து வரவேண்டும். இவனை இப்படியே விட்டால் பெண்தான் மாமனைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வரவேண்டியிருக்கும்.

"அவன் இப்படியே இருந்தா, பங்காளி மூக்கனை மாமனா நிறுத்திடுவேன்" என்று அவன் அக்காவே, அதாவது என் பெண்சாதி ரங்கநாயகியே, சொல்லிவிட்டாள். பிச்சை அழுதான். குடித்துவிட்டுத்தான் அழுதான்.

ஒரு கம்பவுண்டர் சொன்னார்: ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் ஒரு வீடு, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குடியை விட்டவர்கள் கூடிப் பேசுகிறார்கள், பேசியே விட்டவர்களாம். எந்த வீடு என்று அவருக்கே தெரியாது. பேசினால் குடி போகுமா? எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமையே அவனை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

சித்திரை வீதி முனையில் ஒரு வெற்றிலைக் கடையில் கேட்டேன். "குடிக்கிறவங்க கூடுற வீடு எதுங்க?"

கடைக்காரர் இரண்டு பக்கமும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "இங்க இல்லீங்க. கொள்ளிடக் கரை வாழைத்தோப்புக்குப் போங்க. வெள்ளையம்மான்னு கேளுங்க. மருந்து வேணும்னு சொன்னா குடுக்கும்."

"குடிக்க இல்லீங்க, குடியை விடுறதுக்கு."

"அப்படித்தான் சொல்லணும். வெவரமான ஆளு நீங்க."

திரும்பினால் பிச்சையைக் காணோம். கொள்ளிடத்தைப் பார்த்து நடந்துகொண்டிருந்தான். அவன் காலில் அப்படி ஒரு வேகத்தை நான் பார்த்ததே இல்லை. ஓடிப்போய் வேட்டியைப் பிடித்தேன்.

"பாவம், இவ்வளவு தூரம் வழி சொல்லியிருக்காரு மாமா. மரியாதைக்காவது போயிட்டு வந்துருவோம்."

"மாலைய மூக்கன் போடட்டுமா?"

அப்படியே நின்றான். ஆனாலும் நான் வேட்டியை விடவில்லை. விடுங்க மாமா, விடமாட்டேன்டா என்று வீதி நெடுக இழுபறி. ஒரு வாசலில் நின்றிருந்த மாமி எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

"இப்படி இழுத்துண்டு வர்றவா எல்லாம் நம்மாத்துக்குத்தான் வருவா. பின்கட்டுக்குப் போங்கோ."

பின்கட்டில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் ஒர்க்ஷாப் காக்கிச் சட்டை, கிடா மீசை, கையில் தடி. "இங்கதான் குடிகாரப் பசங்க கூடுறதா?" என்று கேட்டேன். பேச்சு சட்டென்று நின்றது. நாமம் போட்ட ஒருவர் கண்ணை மூடி, "கோவிந்தா, கோவிந்தா" என்று ஆரம்பித்தார். எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். சரிதான், இதுவும் தப்பான வீடு என்று நினைத்தேன். பிச்சையோ சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவர்களைவிடச் சத்தமாகப் பாடினான்.

பாட்டு முடிகிற வழியாக இல்லை. மூலையில் ஒருவர் தாளம் தப்பித் தப்பிக் கை தட்டினார். உற்றுப் பார்த்தேன். பாலக்கரைக் கறிக்கடை ரசூல் பாய்.

"பாய், நீங்க எப்ப பஜனைக்கு வந்தீங்க?"

"அட, மருதையா?" பாய் கையை நிறுத்தினார். "போலீஸ்னு நெனச்சு உசுரே போயிருச்சுய்யா. கை வலிக்குது."

வீடே சிரித்தது. நாமம் போட்டவர் சடகோபன், வீட்டுக்காரர். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "குடிச்சதை வாய்விட்டுச் சொல்ற இடம் பாருங்கோ. யாராவது கேட்டு, கேஸ் போட்டுட்டா? அதான் பெருமாளைக் கூப்பிட்டோம்."

பிறகு ஒவ்வொருவரும் தம் கதையைச் சொன்னார்கள். பிச்சையும் எழுந்தான்.

"ஒரு நாள் ராத்திரி பக்கத்து வீட்டுக் கதவத் தட்டி, எம் பொண்டாட்டிய ஏன் மாத்தி வச்சிருக்கீங்கன்னு சண்டை போட்டேங்க. அந்தம்மா துடைப்பத்தால ரெண்டு போட்டுச்சு. அப்பத்தான், சே, நம்ம வீடுதான் போலன்னு உள்ளயே படுத்துட்டேன்."

சிரித்துச் சிரித்துப் பாய் சுவரில் சாய்ந்தார். என் மீசையும் ஆடிவிட்டது. பிச்சை மட்டும் உட்காரவில்லை. "அக்கா மக கல்யாணத்துல மாலையோட நேரா நிக்கணும். அவ்வளவுதாங்க" என்றான்.

சடகோபன் என் பக்கம் திரும்பினார். "நீங்க எத்தனை வருஷமா?"

"எனக்கு அந்தப் பழக்கமே இல்லீங்க."

மறுபடியும் சிரிப்பு. "மொத நாள் நானும் இதைத்தான்யா சொன்னேன்" என்றார் பாய்.

"நெசமாத்தான் சொல்றேன்."

"இதையும் சொன்னேன்."

தடியை எடுத்துக்கொண்டு எழுந்தேன். நான் கோபப்படக் கோபப்பட, நோயாளியைப் பார்க்கிற மாதிரி அன்பாகத் தலையாட்டுகிறார்கள். பிச்சை வாசல் வரை ஓடி வந்தான்.

"நான் இருந்துட்டு வரேன் மாமா. மூக்கன்கிட்ட இன்னும் சொல்லலையே?"

"சொல்லல. அடுத்த ஞாயித்துக்கிழமையும் நீயா வந்தியான்னு பாத்துட்டுச் சொல்றேன்."

"நீங்களும் வாங்கோ" என்று உள்ளேயிருந்து சடகோபன் குரல் கொடுத்தார்.

 பேசிக் குடி போகும் என்றால் ஊரில் பாதிக் குடி என் பெண்சாதி பேச்சிலேயே போயிருக்க வேண்டும். பின்னால் மறுபடி சிரிப்பு கேட்டது. பிச்சை இன்னொரு கதையை ஆரம்பித்துவிட்டான் போல. திரும்பிப் பார்க்காமல் பஸ்ஸுக்கு நடந்தேன்.