எழுபது கிலோ மீன்

சமத்துவக் கணிதம் என்ற சொல்லைக் கேட்ட நாளிலிருந்து ராயபுரம் ஹில்டா டீச்சருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஆப்பிள், ஆரஞ்சு என்று எவனோ எழுதிய கணக்கு கடலோரப் பிள்ளைகளுக்கு எப்படிப் புரியும்? அவர்கள் வாழ்க்கையிலிருந்தே கேட்க வேண்டும். முனைவர் பட்டத்துக்கு ஆய்வே அதுதான்.

கேட்டும்விட்டாள். 'ஐந்து மீனவர்கள் ஒரே படகில் சென்று எழுபது கிலோ மீன் பிடித்தனர். சமமாகப் பங்கிட்டால் ஒருவருக்கு எவ்வளவு?' ரயில்வேக்காரர் மகளான அவளுக்கு மீனோடு இருந்த உறவு ஞாயிற்றுக்கிழமைக் குழம்போடு சரி.

எட்டாம் வகுப்பில் துணிக்கடைக்காரர் பிள்ளைகள் பதினான்கு என்று எழுதினார்கள். மீனவர் பிள்ளைகள் பதினெட்டுப் பேரும் பத்து என்று எழுதினார்கள். அத்தனை பேருக்கும் ஒரே தப்பு எப்படி வரும் என்று யோசிக்க ஹில்டாவுக்கு ஏது நேரம்? 'கடலோரக் குழந்தைகளும் வகுத்தல் குறைபாடும்' என்ற கட்டுரை டெல்லி மாநாட்டுக்குத் தேர்வாகிவிட்டது. ஆய்வு வழிகாட்டி சங்கரநாராயணனுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

பதினெட்டுப் பேரும் 'மெல்லக் கற்போர்' அறைக்குப் போனார்கள். கணக்குப் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு வாய்ப்பாடு கொடுத்தார்கள். அல்ஜீப்ரா என்றால் சோறு தண்ணி மறக்கிற சௌமியாவுக்கும் அதே கதி. மூன்று நாள் அழுதாள். நான்காம் நாள், காசிமேட்டில் மீன் விற்கிற அவள் அம்மா மங்கம்மா கூடையோடு வந்துவிட்டாள்.

"இன்னா டீச்சர், எம்பொண்ண மக்கு ரூமுல குந்த வெச்சிகீறியாமே?"

ஹில்டா விடைத்தாளைக் காட்டி, எழுபதை ஐந்தால் வகுத்து விளக்கினாள்.

"அஞ்சு பேரு இன்னா நீஞ்சிகினா போனாங்க? படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு. மொத்தம் ஏழு. பத்து கிலோதான வரும்?"

ஹில்டா எழுபதை ஏழால் வகுத்துப் பார்த்தாள். பத்து. மங்கம்மா போனதும் சங்கரநாராயணனுக்குப் போன் போட்டாள்.

"சார், பசங்க போட்டதுதான் சரி. என் கேள்விதான் தப்பு."

"இருக்கட்டுமே. மாநாடு முடியட்டும், அப்புறம் மாத்திக்கலாம். பிள்ளைங்க எங்கே போயிடப் போறாங்க?"

அந்த அறையில் இன்னும் ஒரு மாதம் கிடப்பார்கள், அவ்வளவுதானே!

"கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கிறேன் சார்," என்று வைத்துவிட்டு ஹில்டா அழுதாள். டெல்லிக்காகத்தான் அழுதாள், பொய் சொல்வானேன். முகத்தைக் கழுவிக்கொண்டு போய்ப் பதினெட்டுப் பேரையும் வெளியே அழைத்தாள்.

புத்தகத்தைத் திரும்ப வாங்கிய சௌமியா நன்றி சொல்லவில்லை.

"நாலு நாள் பாடம் பூட்ச்சே மிஸ், அத்த யாரு நடத்துவாங்க?" என்றாள்.