காதுக்கு ஒரு தலைப்பு

எனக்குக் கோபம் சட்டென்று வரும். கண் தெரியாத பெண் என்றால் சாதுவாக இருப்பாள், எதற்கெடுத்தாலும் நன்றி சொல்லிக்கொண்டிருப்பாள் என்று நினைத்து வருகிறவர்களுக்கு என்னைக் கண்டால் கொஞ்சம் ஏமாற்றம்தான். அதற்கு நான் என்ன செய்ய? ஆனால் ஒருத்திக்கு மட்டும் வாய் நிறைய நன்றி சொல்லியாக வேண்டும். அவளிடமும் முதலில் சண்டைதான் போட்டேன்.

என் பெயர் ஜெயப்ரியா. சொந்த ஊர் சிங்காரப்பேட்டை. ஓசூர் சிப்காட்டில், வண்டிகளுக்கு ஒயர் செட் கட்டுகிற ஒரு கம்பெனியில் ஹெச்.ஆர். உதவி மையம் என் வேலை. உள்ளே உற்பத்தி லைனில் வேலை செய்கிறவர்களுக்கு லீவு, கேன்டீன், பஸ், பி.எஃப். என்று ஏதாவது சந்தேகம் வந்தால் அங்கிருக்கிற போனில் கூப்பிடுவார்கள். நான் ஊழியர் கையேட்டைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். பார்த்து என்றால் கேட்டு. கையேடு கம்ப்யூட்டரில் வேர்டு ஃபைலாக இருக்கிறது. ஸ்கிரீன் ரீடர் அதை ஒரு காதில் படிக்கும். இன்னொரு காதில் போன். ஒரு காதில் தெலுங்கிலோ கன்னடத்திலோ கேள்வி கேட்பார்கள், இன்னொரு காதில் எந்திரம் தமிழில் முணுமுணுக்கும். இதற்கெல்லாம் நான் அசரமாட்டேன்.

என்னை அசர வைத்தது அந்தக் கையேடுதான். தலையணை கனத்துக்கு இருக்கும் என்றார்கள். உங்களுக்கு அதில் கேன்டீன் நேரம் வேண்டுமென்றால் பரபரவென்று உருட்டிக்கொண்டே போய், பெரிய எழுத்தில் தலைப்பைக் கண்டதும் நிறுத்திவிடுவீர்கள். எனக்கு அது நடக்காது. பெரிதாக எழுதினால் சத்தமாகக் கேட்குமா என்ன? எல்லா வரியும் ஒரே குரலில்தான் வரும். தேடிப் பார்க்கலாமே என்பீர்கள். 'லீவு' என்று தேடினால் பக்கத்துக்குப் பக்கம் லீவுதான். ஆக, மேலிருந்து வரிவரியாகக் கேட்டுக்கொண்டே இறங்குவேன். நான் இறங்கி முடிப்பதற்குள் போனை வைத்துவிடுவார்கள்.

முதல் ஆறு மாதம் ப்ரொபேஷன். அது முடிகிற நேரத்தில் மேனேஜர் ஹரீஷ்குமார் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை. கால் பாதியில் கட் ஆகிறது என்று புகார் வந்துகொண்டே இருப்பதாகவும், மாதக் கடைசியில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, வேலையில் வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு பண்ணுவதாகவும் சொன்னார். அவர் தயங்கித் தயங்கிச் சொன்னதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

வேலை போனால் எங்கே போவேன் என்பது எனக்குத் தெரியும். அப்பா வெங்கடப்பன் நான் ஊரிலிருந்து கிளம்பின அன்றைக்கே சொல்லி அனுப்பியிருக்கிறார், ஒத்துவரவில்லை என்றால் வந்துவிடு, ஒரு வாய் சோறு போட எனக்குத் தெம்பு இருக்கிறது என்று. பாசமாகத்தான் சொன்னார். அந்தப் பாசத்துக்குள் போய் உட்கார்ந்தால் அப்புறம் நான் எழுந்திருக்கவே மாட்டேன். வாசல்வரைகூட யாராவது கையைப் பிடித்துத்தான் கூட்டிப்போவார்கள்.

அந்த வாரத்தில்தான் அந்த போன் வந்தது. ஒரு பெண், குரலை அடக்கிப் பேசினாள்.

"மேடம், எனக்கு அஞ்சு மாசம். நைட் ஷிப்ட்ல போட்டுட்டாங்க. முடியாதுன்னு சொல்ல ரூல் எதனா இருக்குதா?"

இருக்கிறது. எங்கேயோ கேட்ட ஞாபகம். ஆனால் ஞாபகத்தை வைத்து அவள் சூப்பர்வைசரிடம் பேச முடியாதே, விதி எண் வேண்டும். இரும்மா, ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு இறங்க ஆரம்பித்தேன். பிரசவ லீவு வந்தது, பிரசவ உதவி வந்தது, குழந்தைகள் காப்பகம் வந்தது. அது மட்டும் வரவில்லை. சூப்பர்வைசர் வராரு மேடம் என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்துவிட்டாள். பெயரைக்கூட நான் கேட்டுவைக்கவில்லை. லைனில் இருக்கிற பொதுப் போனுக்குத் திரும்ப அடித்தேன், யார் பேசினார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. சாயங்காலம்தான் அந்த விதி கிடைத்தது. பாதுகாப்பு அத்தியாயத்தில், தீயணைப்பானுக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவில், ஒரு பத்தியின் வாலில் ஒட்டிக்கொண்டிருந்தது.

எனக்கு வந்த ஆத்திரத்தில் பக்கத்து மேஜைப் பக்கம் திரும்பினேன். அங்கேதான் முனவர் அக்கா உட்கார்ந்திருப்பார். முனவர் பேகம், ஊத்தங்கரைக்காரர். கணவர் சாந்த் பாஷா இங்கே வெங்காய வியாபாரம். ஒரே தாலுகாவாச்சே என்று வந்த நாளிலிருந்து தினமும் எனக்கு டீ எடுத்துவந்து கையில் கொடுக்கிறவர். அந்தக் கையேட்டைச் செய்தவரும் அவரேதான். கேன்டீன் என்றால் பச்சை, பாதுகாப்பு என்றால் சிவப்பு, பஸ் என்றால் நீலம் என்று பார்த்துப் பார்த்துச் செய்தாராம். தலைப்புகளுக்கு மட்டும், பஸ் ஸ்டாண்டு பக்கத்து டி.டி.பி. கடையிலிருந்து கல்யாணப் பத்திரிகைக்குப் போடுகிற கொழுத்த எழுத்தைக் கேட்டு வாங்கிவந்து போட்டிருந்தார். அது பழைய காலத்து ஃபான்ட். கண்ணுக்கு லட்சணமான தமிழாகத் தெரியும். ஆனால் உள்ளே இருப்பதெல்லாம் ஆங்கில எழுத்து. என் காதில் ஒவ்வொரு தலைப்பும் 'எம், கே, செமிகோலன், கே, எச்' என்றுதான் விழும்.

"கல்யாணப் பத்திரிகை நல்லாத்தான் அடிச்சிருக்கீங்கக்கா. ஊருக்கே குடுத்தீங்க, எனக்கு மட்டும் அழைப்பு இல்ல," என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அஞ்சு மாதக் கர்ப்பிணி ஒருத்தி இன்றைக்கு நைட் ஷிப்டுக்குப் போகிறாள், உங்கள் பச்சையும் சிவப்பும்தான் அவளை அனுப்பிவைக்கிறது என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

அவர் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. மறுநாள் டீ வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. எனக்கும் வீம்பு, நானும் கேட்கவில்லை.

அப்புறம் ஒரு நாள் மதியம், எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில், என் மேஜை ஓரத்தில் அவர் வளையல் சத்தம் கேட்டது. உன் ஹெட்போனைக் குடு என்றார். குடுத்தேன். மானிட்டரை அணைக்கிற 'டிக்' கேட்டது. தன் சொந்தக் கையேட்டில், தானே போட்ட 'திருமண லீவு' தலைப்பைக் கண்டுபிடிக்கிறேன் என்று ஆரம்பித்தார். கீழ் அம்புக்குறியைத் தட்டித் தட்டிப் போய்க்கொண்டே இருந்தார். நான் பேசாமல் என் தயிர்சாதத்தைச் சாப்பிட்டேன். டப்பாவைக் கழுவிவிட்டு வந்த பிறகும் தட்டிக்கொண்டுதான் இருந்தார். கடைசியில் ஹெட்போனைக் கழற்றி வைத்தார்.

"என்னா பண்ணா உனக்குக் கேக்கும், சொல்லு."

பெரிய வித்தை ஒன்றும் இல்லை. தலைப்பு வரியைத் தேர்ந்தெடுத்து, வேர்டில் மேலே இருக்கிற ஸ்டைல் வரிசையில் 'ஹெட்டிங் ஒன்று' என்பதை அழுத்த வேண்டும். அதற்குள் அடங்குகிற தலைப்புக்கு 'ஹெட்டிங் இரண்டு', அதற்கும் உள்ளே 'மூன்று'. அவ்வளவுதான். எழுத்தைப் பெரிதாக்கிக் கறுப்பாக்கினால் அது தலைப்பு என்று உங்கள் கண்ணுக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. ஸ்டைல் போட்டால்தான் இது தலைப்பு என்று அதற்கே தெரியும். அப்புறம் நான் எச் பட்டனைத் தட்டினால் போதும், தலைப்பு தலைப்பாகத் தாவலாம். ஒன்று என்று தட்டினால் பெரிய தலைப்புகளுக்கு மட்டும் தாவலாம். கண் தெரிந்தவர்களுக்கும் ஓரத்தில் ஒரு பட்டியல் திறந்துகொள்ளும், எதை அழுத்தினாலும் அங்கே போய் நிற்கலாம். அதை அந்த ஆபீசில் ஒருத்தரும் திறந்ததில்லை.

அக்கா முதல் தலைப்புக்கு ஸ்டைல் போட்டதும் அழாத குறை. பச்சை போய், கொழுத்த எழுத்து போய், சோகையாக ஒரு நீலம் வந்துவிட்டதாம். ஸ்டைலையே மாற்றலாம் அக்கா, ஒரு இடத்தில் பச்சை என்று சொன்னால் எல்லா இடத்திலும் பச்சையாகிவிடும் என்றேன். செய்து பார்த்தார். இன்னும் நாலைந்து தலைப்புக்கு ஸ்டைல் போட்டு, எல்லாம் தானாகவே பச்சையானதும் சிரித்துவிட்டார். சண்டைக்கு அப்புறம் அன்றைக்குத்தான் அவர் சிரிப்பைக் கேட்டேன்.

கல்யாண எழுத்தை விட அவருக்கு மனசே வரவில்லை. ஆனாலும் விட்டார். ஒவ்வொரு தலைப்பையும், எந்திரமும் தமிழாகவே படிக்கிற யூனிகோடில் புதிதாக அடித்தார். தன் வேலைகளுக்கு நடுவில், மதிய நேரங்களில், சாப்பாட்டை அவசரமாக முடித்துக்கொண்டு. ஆர்வம் தாங்காமல், கொஞ்சம் கறுப்பாக இருந்த வரிக்கெல்லாம் ஹெட்டிங் போட்டுவிட்டார். 'குறிப்பு' என்ற சொல்லுக்கு ஹெட்டிங், மேனேஜிங் டைரக்டர் பெயருக்கு ஹெட்டிங், இடைவெளிக்காக விட்ட காலி வரிக்கும் ஹெட்டிங். நான் எச் தட்டினால் 'தலைப்பு, காலி. தலைப்பு, காலி' என்று வந்தது. மறுபடி சத்தம் போட்டேன். இந்தத் தடவை அவரும் திருப்பிச் சத்தம் போட்டார்.

"கத்திக்கினே இரு. எந்த வரின்னு சொல்லு, எடுத்துர்றேன்."

எடுத்தார். டீயும் திரும்ப வர ஆரம்பித்தது.

மாதக் கடைசி வந்தது. அன்று காலையில் டீயைக் கையில் கொடுத்துவிட்டு அக்கா என் காதோரம் குனிந்து, சார் பார்த்து முடித்த பிறகு கடைசித் தலைப்புக்குப் போய்க் கேள், அதற்கு முன்னால் போகாதே என்றார். அதற்குமேல் அங்கே நிற்க அவருக்குத் தைரியம் இல்லை. ஸ்டோர்ஸில் வேலை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஹரீஷ்குமார் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். போனை ஸ்பீக்கரில் போடச் சொன்னார். பாகலூர் ரோடு பஸ் எத்தனை மணிக்கு என்று ஒருத்தர் கன்னடத்தில் கேட்டார், சொன்னேன். கேன்டீனில் முட்டை எந்த நாள் என்று ஒருத்தர், சொன்னேன். அப்புறம் ஒரு குரல். கேட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது. முகம் மறக்கிறவர்கள் உண்டு, எனக்குக் குரல் மறக்காது.

"மேடம், முன்ன ஒரு தடவ போன் பண்ணேன். நைட் ஷிப்ட் பத்தி..."

அவள் முடிப்பதற்குள் என் விரல் போய்விட்டது. பெண் ஊழியர்கள். எச். கர்ப்ப காலம். எச். அடுத்துக் கேட்டது அதுவரை கையேட்டில் இல்லாத தலைப்பு: 'கர்ப்பிணிகளுக்கு நைட் ஷிப்ட் கிடையாது.' ஹெல்மெட்டுப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்த அந்த ஒற்றை வரியைப் பிடுங்கி வந்து, அதற்கென்று ஓர் இடம் கொடுத்து, பதிலையே தலைப்பாக வைத்திருந்தார் அக்கா. நான் கத்தியதை ஒரு சொல் விடாமல் கேட்டிருக்கிறார். விதி எண்ணைச் சொன்னேன், தலைப்பைப் படித்தேன், உன் பெயர் என்னம்மா என்று கேட்டேன்.

"தர்ஷினி மேடம். நாளையில இருந்து போவேணாமா அப்ப?"

"இன்னைக்கே போவேணாம்மா," என்றேன்.

ஹரீஷ்குமார் தன் போனை எடுத்து, அந்த லைன் சூப்பர்வைசரிடம் தானே பேசினார். பேசியதில் கொஞ்சம் சூடு இருந்தது. வைத்துவிட்டு, உங்கள் கன்ஃபர்மேஷன் ஆர்டர் திங்கட்கிழமை வந்துவிடும் ஜெயப்ரியா என்றார். இந்த முறை தயங்கவே இல்லை. அப்பாவிடம் எப்படிச் சொல்வது, நான் தங்கியிருக்கிற ஹாஸ்டலில் யாரிடம் முதலில் சொல்வது என்று சந்தோஷத்தில் மனசுக்குள் என்னென்னவோ ஓடியது. அப்போதுதான் அக்கா சொன்னது ஞாபகம் வந்தது.

கையேட்டின் கடைசிக்குப் போய், பின்னோக்கி எச் தட்டினேன். எந்திரக் குரல் எப்போதும் போல உணர்ச்சியே இல்லாமல் படித்தது.

'தலைப்பு, நிலை ஒன்று. ஜெயப்ரியா அவர்களுக்கு அழைப்பு. அன்புடையீர், ஞாயித்துக்கிழமை மதியம் எங்க வீட்ல சாப்பாடு. வேலை நிலைச்சாலும் சரி, நிலைக்காட்டியும் சரி, நீ வந்துரணும். இத வெள்ளை எழுத்துல அடிச்சிருக்கேன். உன்னத் தவிர இங்க யாருக்கும் தெரியாது. இப்படிக்கு முனவர் அக்கா.'

இத்தனை வருஷத்தில் எத்தனையோ பக்கங்கள் என் முன்னால் வந்து போயிருக்கின்றன. எல்லாம் கண் இருக்கிறவர்களுக்கு எழுதியது, எனக்கு மிச்சம் மீதிதான். கண்ணுக்குத் தெரியாமல் என் காதுக்கென்று ஒருத்தி எழுதியது இதுதான் முதல் தடவை. கண்ணீர் வந்துவிட்டது, துடைக்கவும் தோன்றவில்லை.

ஹரீஷ்குமார் என்னைப் பார்த்திருப்பார் போல. அப்புறம் திரையைப் பார்த்திருப்பார்.

"என்னம்மா, கடைசியில ஒரு பக்கம் சும்மா காலியா கெடக்கு. டிலீட் பண்ணிடச் சொல்லட்டுமா?"

"வேணாம் சார்," என்றேன். "அது அங்கயே இருக்கட்டும்."