மீன் வரிசை

"உதட்டை மட்டும் அசைக்கச் சொல்லு. சத்தம் வந்துச்சுன்னா திட்டு உனக்குத்தான் விழும்" என்று சொல்லிவிட்டு, பெரிய மிஸ் கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டார்.

ஆண்டு விழாவில் முதல் வகுப்புப் பிள்ளைகள் மழையைப் பற்றி ஒரு பாட்டுப் பாட வேண்டும். பெரிய மிஸ் அவர்களுடைய வகுப்பாசிரியை. நான் பயிற்சிக்கு வந்திருப்பவள். பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் குட்டி மிஸ். எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை இதுதான்: பிள்ளைகள் வரிசையாக நின்று பாடும்போது ஒவ்வொருவர் பக்கத்திலும் குனிந்து காது கொடுக்க வேண்டும். சுருதி சேராத பிள்ளையின் தோளைத் தொட வேண்டும். தொட்டால் அந்தப் பிள்ளை பின்வரிசைக்குப் போய்விடும். பின்வரிசைக்கு மீன் வரிசை என்று பெயர். மீன்கள் வாயைத் திறந்து மூடும், சத்தம் வராது. இந்தப் பள்ளிக்கூடத்தில் நெடுநாளாக இப்படித்தானாம். பெற்றோர்களுக்குத் தெரியாது. தங்கள் பிள்ளை மேடையில் வாயை அசைப்பதைப் படம் பிடித்துக்கொண்டு சந்தோஷமாகப் போய்விடுவார்கள்.

பிள்ளைகளுக்கு இதில் அவமானம் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. "மிஸ், என்னையும் மீன் ஆக்குங்க" என்று ஒருவன் என் கையைப் பிடித்து இழுத்தான். அவன் நன்றாகப் பாடினான். அதனால் அவனை ஆக்க முடியாது என்றேன். அழுதுவிட்டான்.

எனக்குத்தான் அவமானமாக இருந்தது. நான் படித்த பள்ளியில் இதற்குப் பெயரெல்லாம் இல்லை. ஒரு டீச்சர் கூட்டத்துக்கு நடுவில் வந்து என் உதட்டில் விரலை வைத்தார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் பாடியதில்லை. குளியலறையில்கூட. கல்லூரிச் சுற்றுலாவில் பஸ் முழுக்கப் பாடியபோது நான் கை தட்டினேன். அதையும் மெதுவாகத்தான் தட்டினேன். இயற்பியல் படித்து முடித்து, போன இண்டர்வியூவிலெல்லாம் என் குரல் மேஜையைத் தாண்டாமல் நின்றுவிட, அம்மாதான் ஆசிரியர் பயிற்சியில் சேரச் சொன்னாள். சின்னப் பசங்கதானே, அவங்க முன்னாடி என்ன கூச்சம் என்றாள். அம்மாவுக்குச் சின்னப் பசங்களைப் பற்றி எதுவும் தெரியாது. வந்த முதல் நாளே ஒரு பெண், "நீங்க ஏன் ரகசியம் மாதிரி பேசுறீங்க?" என்று வகுப்புக்கே கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

அவளுக்கு வகுப்பில் பம்பரம் என்று பெயர். நின்ற இடத்தில் நிற்க மாட்டாள். சுற்றிக்கொண்டே இருப்பாள், அல்லது சுற்றப்போவதுபோல் நிற்பாள். குனிந்து அவள் பக்கம் காது கொடுத்தேன். நாற்காலியைத் தரையில் இழுப்பதுபோல் ஒரு சத்தம் தொண்டைக்குள்ளேயே உருண்டது. தோளைத் தொட்டேன். ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மீன் வரிசைக்குப் போனாள்.

பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குச் சொல்வது வேறு. இசையும் ஓவியமும்தான் குழந்தைகள் முதலில் கற்கும் மொழி என்று விரிவுரையாளர் திரையைப் பார்த்து, ஒரே குரலில், ஏற்ற இறக்கமே இல்லாமல் வாசிப்பார். நாங்கள் எழுதிக்கொள்வோம். அந்த வகுப்பில் யாரும் பாடியதில்லை, ஒரு கோடு வரைந்ததில்லை. மூலையில் இசைக்கருவிகள் இருக்கும் அலமாரி ஒன்று உண்டு. சாவி யாரிடம் என்பது இன்றுவரை தெரியாது. இங்கே வந்து பார்த்தால் இசை வகுப்பில் கணக்கு நடக்கிறது. ஓவிய வகுப்பில் பெரிய மிஸ் பலகையில் ஒரு ஆப்பிள் வரைகிறார், எல்லாரும் அதே ஆப்பிளை வரைந்து சிவப்புத் தீட்டுகிறார்கள். கோட்டுக்கு வெளியே போனால் அழிக்க வேண்டும். ஊதா ஆப்பிள் வரைந்தவனை மறுபடி வரையச் சொன்னார். இரண்டு இடத்திலும் எனக்குக் கோபம் வந்தது. இரண்டு இடத்திலும் பேனாவை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தேன்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸ் கழுவக் குழாயடிக்குப் போனேன். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள். மழைப் பாட்டுதான். ஒரு பிசிறு இல்லை. முன்வரிசைப் பிள்ளைகள் என்று நினைத்து எட்டிப் பார்த்தேன். மீன்கள். பம்பரம் ஈரக் கையை வீசிச் சுற்றிக்கொண்டே பாடினாள், மற்ற மீன்கள் அவள் கையிலிருந்து தெறித்த தண்ணீரிலிருந்து ஒதுங்கிக்கொண்டே பாடின. அதே மெட்டு, அதே வரிகள். ஆனால் சுருதி எங்கோ மேலே இருந்தது.

என் காதை நான் நம்புவதில்லை. கல்லூரி நாட்களில் சோதனைக்காகப் போனில் இறக்கி வைத்திருந்த, ஒலியின் அதிர்வெண்ணைக் காட்டும் செயலி இன்னும் இருந்தது. சுவருக்குப் பின்னால் நின்று அவர்கள் பாட்டை அதில் பிடித்தேன். பிறகு மதியம் ஒத்திகையில் பெரிய மிஸ் பாட்டை ஆரம்பித்தபோதும் பிடித்தேன். பார்த்ததும் எரிச்சலாகத்தான் வந்தது, இவ்வளவு சாதாரண விஷயமா என்று. பாட்டைப் பெரிய மிஸ்ஸின் குரலுக்கு வைத்திருந்தார்கள். மேடையில் மைக்கைப் பிடித்துப் பிள்ளைகளோடு சேர்ந்து பாடுவது அவர்தான். அவருடைய குரல் கனத்த, தாழ்ந்த குரல். குரல்நாண் குட்டையாக இருக்கும் பிள்ளைக்கு அவ்வளவு கீழே குரல் இறங்காது. இறங்கிப் பார்க்கும், உறுமும், மெட்டைத் தொலைத்துவிடும். எப்படியோ இறங்கிவிட்ட பிள்ளைகள் முன்வரிசை. இறங்காதவர்கள் மீன். நான் குனிந்து குனிந்து கேட்டு, ஒவ்வொரு தோளாகத் தொட்டுப் பிரித்தது இதைத்தான்.

சொல்லியே ஆகவேண்டும் என்று ஆசிரியர் அறைக்குப் போனேன். வாசலில் நின்று வாக்கியத்தை மனதுக்குள் சரிசெய்தேன். உள்ளே போனதும் பாதிதான் வந்தது.

"மிஸ், பாட்டு பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கீழே இருக்கோன்னு..."

"கீழே இருந்தா குனிஞ்சு எடுத்துக்கச் சொல்லு" என்றார் பெரிய மிஸ். அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. நானும் சிரித்தேன்.

வீட்டில் சொன்னபோது அண்ணன், டீச்சரம்மா சங்கீதம் பேச ஆரம்பிச்சுட்டாங்க, காதுல பஞ்சு வச்சுக்கணும் என்றான். அம்மா அவனை அடுப்படியிலிருந்தே அதட்டினாள். பிறகு என்னிடம் வந்து உட்கார்ந்தாள். எனக்கு மதிப்பெண் போடுவது பெரிய மிஸ் என்பது அவளுக்குத் தெரியும். அவர் குறைத்துப் போட்டால் பயிற்சியை மறுபடி முதலிலிருந்து செய்யவேண்டும்.

"இன்னும் கொஞ்ச நாள்தானே. பல்லைக் கடிச்சுக்கிட்டு இரும்மா. வேலை கிடைச்சு உன் வகுப்புன்னு ஒண்ணு வந்தப்புறம் நீ நினைச்ச மாதிரி பாட வை."

பெரிய மிஸ்ஸிடமும் யாராவது ஒருநாள் இதையே சொல்லியிருப்பார்கள் என்று தோன்றியது.

விழா அன்று கூடத்துச் சுவரில் ஒட்ட, 'நாங்கள் பாடுகிறோம்' என்று எல்லாப் பிள்ளைகளும் படம் வரைந்தார்கள். பிள்ளைகள் வரைந்ததை அப்படியே ஒட்டுவதில்லை. கோணல் கோட்டின்மேல் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் நேராக இழுத்துத் தரவேண்டும். பயிற்சிக்கு வருபவர்களுக்கான வேலை அது. தூரத்திலிருந்து பார்க்கும்போது பளிச்சென்று இருக்குமாம். கட்டிலில் பரப்பி வைத்து இழுத்துக்கொண்டே வந்தேன். பம்பரத்தின் படத்தில் முன்வரிசைப் பிள்ளைகளின் வாய் பெரிய பெரிய வட்டமாகத் திறந்திருந்தது. பின்வரிசையின் வாயிலிருந்து சிறு சிறு வட்டங்கள் மேலே போயின, ஒன்றன்மேல் ஒன்றாக, காகிதத்தின் விளிம்பு வரை. பாட்டின் குறியோ என்று முதலில் நினைத்தேன். குமிழிகள். அவளும் அந்த வரிசையில்தான் இருந்தாள், காலுக்குக் கீழே ஒரு சுழி போட்டிருந்தாள். மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு அந்தக் குமிழிகள்மேல் மட்டும் ஒவ்வொன்றாகக் கறுப்பு இழுத்தேன்.

ஒத்திகைக்குக் கீபோர்டு வாசிக்க வருபவர் பள்ளியைச் சேர்ந்தவர் இல்லை. விழாக்களுக்கு வாசிப்பதுதான் அவர் தொழில். எப்போதும் வாயில் ஒரு பெப்பர்மிண்ட் இருக்கும். அலுவலகத்தில் கூப்பிட்டார்கள் என்று பெரிய மிஸ் போன நேரத்தில், கீபோர்டின் பக்கத்தில் போய் நின்றேன். பாட்டை மேலே ஏற்ற முடியுமா என்று கேட்டேன்.

"ஒரு பட்டன் விஷயம்மா" என்றார். "ஆனா இது அவங்க குரலுக்கு வச்சது. அவங்ககிட்டக் கேட்டியா?"

"கேட்டேன்" என்றேன். கேட்டது உண்மைதான். அவர் என்ன சொன்னார் என்பதை இவர் கேட்கவில்லை.

பட்டனை அழுத்தினார். வாசிக்க ஆரம்பித்ததும் பிள்ளைகள் ஒரு கணம் தடுமாறி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பாடினார்கள். என்னால் அதை வர்ணிக்க முடியாது. தொண்டையில் உருண்டுகொண்டிருந்த சத்தம் தெறித்து வெளியே வந்தது. மீன்கள் தாங்கள் மீன் என்பதை மறந்துவிட்டன. நான் நினைவூட்டவில்லை. ஜன்னலில் தளர்ந்திருந்த ஒரு கண்ணாடி ஒரே ஒரு இடத்தில், ஒவ்வொரு முறையும் அதே வரியில், லேசாக அதிர்ந்தது. கீபோர்டுக்காரர் பெப்பர்மிண்டை மெல்லாமல் அப்படியே கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டார்.

பாதிப் பாட்டில் பெரிய மிஸ் திரும்பி வந்தார். முகத்தில் ஆச்சரியம் இருந்தது, சந்தோஷம்கூட இருந்தது என்று நினைக்கிறேன். பழக்கத்தில் மைக்கை எடுத்துச் சேர்ந்துகொண்டார். அடுத்த வரி மேலே போயிற்று. அவர் குரல் கூடவே ஏறி, நடுவில் இரண்டாகப் பிளந்து, நின்றுவிட்டது. மைக்கில் அது இன்னும் பெரிதாகக் கேட்டது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

யார் மாற்றியது என்று கேட்டார். கீபோர்டுக்காரர் கட்டைகளைப் பார்த்தார். நான்தான் என்றேன். பிள்ளைகளைத் தண்ணீர் குடிக்க அனுப்பிவிட்டு, ஒரு சின்ன நாற்காலியில், பிள்ளைகள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தார். கத்துவார் என்று நினைத்தேன். குரல் தணிந்தே இருந்தது.

"உன் வயசுல நானும் மேல பாடினவதான். வருஷம் முழுக்க இதுங்களைக் கத்திக் கத்தித் தொண்டை இப்படி ஆயிடுச்சு. மூக்கைத் துடைக்கிறதுக்கு நான், எழுத்து சொல்லிக்கொடுக்க நான், அம்மாக்காரங்க சண்டைக்கு வந்தா நிக்கிறதுக்கு நான். வருஷத்துல ஒரு நாள், ஒரு பாட்டு. அதையும் உனக்கு விட்டுக்கொடுக்கணுமா?"

எனக்கில்லை, பிள்ளைகளுக்கு என்று சொல்லியிருக்கலாம். அவர்களுக்கும் அது ஒரு நாள்தான், ஒரு பாட்டுதான் என்று சொல்லியிருக்கலாம். இதெல்லாம் பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது வரிசையாக, தெளிவாக, தகுந்த குரலோடு வந்தது. அந்த அறையில் நான் அவருடைய தொண்டையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கழுத்தில் ஒரு நரம்பு புடைத்திருந்தது.

பாட்டு மறுபடி கீழே இறங்கியது. மேலே பாடிப் பழகிவிட்ட பிள்ளைகள் இன்னும் மோசமாக உறுமினார்கள். மீன் வரிசைக்கு இன்னும் சில பேர் போனார்கள், மீனாக ஆசைப்பட்டு அழுத பையனும். அவன் இப்போது அழவில்லை, சிரிக்கவும் இல்லை. பெரிய மிஸ் எனக்குப் புது வேலை கொடுத்தார். விழா அன்று மேடைக்குக் கீழே, பிள்ளைகளைப் பார்த்து நான் நிற்கவேண்டும். மீன் எதுவும் சத்தம் போடாதபடி, பாட்டு ஆரம்பிக்கும்போது உதட்டில் விரலை வைத்துக் காட்டவேண்டும். "உனக்குத்தான் இவ்வளவு காது இருக்கே" என்றார். விழா முடிந்ததும் மதிப்பெண் போட்டுத் தருவதாகவும் சொன்னார். அதைத் தனி வாக்கியமாகத்தான் சொன்னார்.

அன்று கூடம் நிறைந்திருந்தது. பயிற்சிக் கல்லூரி விரிவுரையாளர் முன்வரிசையில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவரில் படங்கள் பளிச்சென்று இருந்தன. மேடைக்குப் பின்னால் பம்பரத்துக்கு ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தேன். சுற்றாமல் நின்றாள். அப்படி அவளைப் பார்த்ததில்லை.

"குட்டி மிஸ், நிஜ மீனும் சத்தமே போடாதா?"

அறிவியல் படித்தவளுக்கு ஒருவழியாக ஒரு கேள்வி வந்துவிட்டது.

"சில மீன் போடும். தண்ணிக்குள்ள இருக்கறதால நமக்குக் கேக்கறதில்ல."

"அப்ப மத்த மீனுக்கு?"

"கேக்கும்" என்றேன்.

யோசித்தாள். பெரிய மிஸ் கூப்பிட்டார், ஓடிவிட்டாள்.

நான் கீழே வந்து என் இடத்தில் நின்றேன். எனக்கு இரண்டு பக்கமும் ஸ்பீக்கர்கள். திரை விலகியது, விளக்கு வந்தது. கண் கூசிய பிள்ளைகள் இருட்டில் தங்கள் அம்மாக்களைத் தேடினார்கள். பம்பரம் என்னைத் தேடிக் கண்டுபிடித்தாள். என் கையைப் பார்த்தாள், விரல் மேலே வரும் என்று. பெரிய மிஸ்ஸும் மைக்கைச் சரிசெய்தபடி ஒருமுறை என்னைப் பார்த்தார்.

கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கோத்துக்கொண்டேன்.

பாட்டு கீழேதான் ஆரம்பித்தது. பெரிய மிஸ் கண்களை மூடிக்கொண்டு பாடினார், நன்றாகவே பாடினார். பின்வரிசையில் வாய்கள் திறந்தன, மூடின. பம்பரம் மட்டும் வாயைத் திறக்காமல் என் தோள்களுக்குக் கீழே, கை இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு மூச்சை இழுத்தாள். தோள் உயர்ந்தது, குதிகால் உயர்ந்தது, வாய் திறந்தது. ஸ்பீக்கர் சத்தத்தில் எனக்கு எதுவும் கேட்கவில்லை.

அவளுக்குப் பக்கத்தில் நின்ற மீன் சட்டென்று திரும்பி அவளைப் பார்த்தது.