எட்டு ஆவர்த்தனம் குறைவு

ஆல்சீடுடன் நான் பேச்சை நிறுத்தி இரண்டு வாரம் ஆனபோது தேர்வுப் பட்டியலை ஒட்டினார்கள். டிரம்பெட், ஜெனோபியா. அது நான். அதே குழுவில் டபுள் பேஸ், ஆல்சீட். ஜாஸ் பிறந்த நியூ ஆர்லியன்ஸில் பேஸ் வாசிக்க ஆளுக்கா பஞ்சம்? எங்கள் இசைக் கல்லூரியில் அந்த வருஷம் இரண்டே பேர்தான். இன்னொருவனுக்கு அம்மை போட்டிருந்தது.

அதற்கு முன் ஒரு வருஷம் இருவரும் சேர்ந்தே சுற்றினோம். ஆளுயர வயலின் போன்ற அந்த வாத்தியத்தை அணைத்துக்கொண்டு அவன் டிராமில் ஏறுவான். "இது எங்க மாமியார், உக்கார இடம் குடுங்க" என்று நான் ஓட்டுநரிடம் வம்பளப்பேன். சாதகம் செய்யும் அறையில் ஒரே மின்விசிறி. அதன் காற்றுக்குத் தினமும் சண்டை. அப்படி ஒரு வருஷம் எனக்கு அப்புறம் வாய்க்கவே இல்லை.

"நீ ஊத ஆரம்பிச்சா யாரையும் காதுல வாங்கறதில்லடி" என்றான் ஒருநாள். உண்மைதான். அதனால்தான் அவ்வளவு கோபம் வந்தது, பேச்சையும் நிறுத்தினேன்.

நான் முந்தைய தேர்வில் கோட்டை விட்டவள். இன்னொரு முறை தவறினால் கல்லூரியை விட்டு வெளியே. அக்காவின் சலூனில் தலை பின்ன வேண்டியதுதான்.

மே மாதத் திங்கட்கிழமை. எங்கள் ஊர்த் திங்கட்கிழமை வழக்கப்படி கேன்டீனில் சிவப்பு பீன்ஸ் வெந்துகொண்டிருந்தது. மேடைக்குக் கீழே மூன்று ஆசிரியர்கள், நடுவில் மிஸஸ் கிட்ரி.

நாங்கள் எடுத்த பாட்டில் ஒரே மெட்டு இரண்டு முறை வரும். பிறகு எட்டு ஆவர்த்தனத்துக்கு வேறொரு மெட்டு, கடைசியில் மறுபடி பழையது. நடுவில் வரும் எட்டைப் பாலம் என்போம். மனம்போனபடி கற்பனையாக வாசிக்கும்போதும் இந்தக் கணக்கு உள்ளே ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆல்சீடுக்குக் காட்டிவிட வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு ஓர் உச்ச ஸ்வரத்தைப் பிடித்து நின்றேன். கணக்கு நழுவியது. பாலத்தை விட்டுவிட்டு நேரே கடைசி மெட்டில் போய் விழுந்தேன். விழுந்த நொடியே தெரிந்துவிட்டது. அவன் தன் வழியில் போயிருந்தால் என் மானம் கப்பலேறியிருக்கும். ஆனால் அடுத்த அடியிலேயே அவன் விரல்கள் என்னோடு வந்துவிட்டன. பியானோக்காரனுக்கு ஒரு தலையசைப்பு. அவனும் வந்தான், டிரம்ஸும் வந்தது. எங்கள் ஊர்ப் பழைய வழக்கம் அது. ஒருத்தர் தடுக்கினால் எல்லோரும் சேர்ந்து தடுக்கி, அதையே நடையாக்கிவிடுவோம். கிளப்பாக இருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

"நல்லாத்தான் இருந்துச்சு. அந்த எட்டு ஆவர்த்தனத்த முழுங்கினது யாரு?" என்றார் மிஸஸ் கிட்ரி.

நான் குனிந்து டிரம்பெட்டைத் துடைக்க ஆரம்பித்தேன்.

"நான்தாங்க மேடம்" என்றான் ஆல்சீட். "பேஸ்தான் முதல்ல தாண்டுச்சு. ஜெனோ பாவம், என் பின்னாடி வந்தா."

அவர் என்னைப் பார்த்தார். "அப்படியாம்மா?"

நான் தலையாட்டினேன்.

வெளியே நடையில் அவனைப் பிடித்துக்கொண்டேன். "ஏன்டா அப்படிச் சொன்ன?"

"எனக்கு இது முதல் தடவை. தவறினாலும் டிசம்பர்ல திரும்ப வாசிச்சுக்கலாம். உனக்கு அக்கா கடைதான் கதி. நீ தலை பின்ன ஆரம்பிச்சா ஊர்ல ஒருத்தர் தலையிலயும் முடி மிஞ்சாது."

இருவரும் சிரித்தோம். உள்ளே போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று மட்டும் நான் சொல்லவில்லை. அவன் சற்று நேரம் அங்கேயே நின்றான். பிறகு வாத்தியத்தை உறையில் போட ஆரம்பித்தான்.

டிசம்பரில் அவன் மறுதேர்வுக்கு வரவில்லை. கோடையில் சித்தப்பாவின் சிப்பிப் படகுக்கு வேலைக்குப் போனவன் அங்கேயே தங்கிவிட்டான். நான் பட்டம் வாங்கினேன். முப்பது வருஷமாக ஊதித்தான் பிழைக்கிறேன்.

எத்தனையோ பேஸ்காரர்களோடு வாசித்துவிட்டேன், எல்லோரும் கெட்டிக்காரர்கள். இன்னமும் எப்போதாவது கண்ணை மூடிப் பாலத்தைத் தவறவிடுகிறேன். அவர்கள் கணக்குப் பிசகாமல் சரியான இடத்திலேயே நிற்கிறார்கள். நான்தான் ஓடிப்போய் அவர்களோடு சேர்ந்துகொள்கிறேன்.