தாசில்தார் எழுதிய இரண்டு சொல்

கண்டமங்கலத்துக்கு மேற்கே, ஏரிக்கரையை ஒட்டிய சேரியில் 1937-ஆம் வருஷம் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. கட்டடம்தான் இல்லை. வாகை மரத்தடியில் முப்பத்தொரு பிள்ளைகள் மணலில் விரல் வைத்து எழுதுவார்கள். மழை வந்தால் அன்றைக்குப் படிப்பு அவ்வளவுதான்.

அங்கே பாடம் சொன்னவள் இருதயமேரி. இருபத்து மூன்று வயது. கூட்டேரிப்பட்டுப் பக்கம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக் கொல்லைகளில் கூலிக்குப் போன குடும்பம். திண்டிவனத்தில் மிஷன் விடுதியில் தங்கி எட்டாவது படித்து, டீச்சர் டிரெயினிங்கும் முடித்தவள். இங்கிலீஷில் முதலாவதாக வந்ததற்கு அங்கே அவளுக்கு ஓர் அகராதி பரிசு கொடுத்திருந்தார்கள். சேரியில் இங்கிலீஷ் தெரிந்தது அவளுக்கு மட்டும்தான். அதனால் முத்திரை குத்திய எந்தக் காகிதம் வந்தாலும் நேரே அவளிடம் வரும்.

ஆனி மாதம் தாசில்தார் கண்டமங்கலத்தில் முகாம் போட்டார். ஏரிக்கரைப் புறம்போக்கில் பள்ளிக்கு ஒரு கொட்டகை போட அனுமதி வேண்டும் என்று இருதயமேரி இங்கிலீஷிலேயே மனு எழுதினாள். அதை எடுத்துக்கொண்டு போனவர் பெரியதம்பி. சேரியில் நாலு பேர் மதிக்கிற ஏர்க்காரர். அவருடைய இரண்டு பெண்களும் வாகை மரத்தடியில்தான் படித்தார்கள்.

சாயங்காலம் அவர் ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வந்தார்.

“டீச்சரம்மா, ஐயா படிச்சுப் பார்த்தாரு. மூலையில இன்னமோ எழுதி மேசை மேல போட்டாரு. ஒரே கூட்டம். நம்ம காயிதம்தானேன்னு நான் எடுத்துக்கினு வந்துட்டேன். இன்னா எழுதியிருக்காரு, பாரு.”

மனுவின் இடது ஓரத்தில் சிவப்பு மையில் ‘புட் அப்’ என்று இருந்தது. கீழே ஒரு சுழிப்புக் கையெழுத்து. வேறொன்றும் இல்லை.

இருதயமேரி அகராதியை எடுத்தாள். ‘புட்’ என்ற சொல்லுக்கு மட்டும் அதில் இரண்டு பக்கம். ‘அப்’ சேர்ந்த இடத்தில் விரலை வைத்து வரிவரியாகப் படித்தாள். கையை உயர்த்துவதற்கும் அந்தச் சொல்தான். வந்த விருந்தாளியைத் தங்கவைப்பதற்கும் அதே சொல்தான். தேர்தலில் ஆளை நிறுத்துவது, சாமானை ஏலத்துக்கு விடுவது, வாளை உறையில் போடுவது எல்லாம் அதற்குள் அடங்கியிருந்தன. பின்னால் ‘வித்’ என்று ஒன்று ஒட்டிக்கொண்டால் பொறுத்துப் போவது என்று பொருள். முதலில் அச்சிட்டிருந்ததோ: கட்டு, எழுப்பு, நிறுவு.

அவள் மனசில் ஒரு முள் உறுத்தியது. அனுமதி கொடுக்கிற மனிதர் அனுமதித்தேன் என்றல்லவா எழுதுவார்? ஆனால் சுற்றிலும் பத்துப் பதினைந்து முகங்கள் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன.

“கட்டுன்னு போட்டிருக்கு” என்றாள்.

மறுநாளே வேலை தொடங்கிவிட்டது. ஆண்கள் கூரைச் சட்டத்துக்குப் பனங்கை வெட்டி வந்தார்கள். பெண்கள் ஏரி மண்ணை மிதித்துச் சுவர் வைத்தார்கள். வேய்வதற்கு விழல் புல் அறுத்து வந்தது சவுரியம்மாள் என்ற கிழவியின் மூன்று மருமகள்கள். இருபது நாளில் கொட்டகை நின்றது. ஆடி மாதத்து முதல் மழையில் ஒரு பிள்ளையும் வீட்டுக்கு ஓடவில்லை. கூரையில் மழை விழும் சத்தத்துக்கு மேலாக வாய்ப்பாடு சொன்னார்கள்.

ஆவணியில் தாலுகா குமாஸ்தா கோதண்டபாணி கிராம முன்சீப்பையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். நரைத்த மீசை, மூடிய கோட்டு, கையில் குடை. கொட்டகையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

“யாரைக் கேட்டு இதைக் கட்டினீங்க?”

இருதயமேரி மனுவை எடுத்து நீட்டினாள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

“அடடா! இந்தக் காயிதத்தைத் தேடித் தேடி ரெண்டு மாசமா எனக்குப் பேஜாரு. இது ஆர்டர் இல்லம்மா. எங்க ஆபீசுல புட் அப்புன்னா, விவரம் எழுதி ஃபைலோட ஐயா மேசைக்குக் கொண்டாந்து வைய்யின்னு அர்த்தம். ஐயா இதை எழுதினது எனக்கு. உங்களுக்கில்ல.”

பெரியதம்பியின் முகம் சாம்பலாகிவிட்டது. இருதயமேரி உள்ளே போய் அகராதியைக் கொண்டுவந்து பிரித்துக் காட்டினாள்.

“இதுல அந்த அர்த்தம் இல்லீங்களே ஐயா.”

கோதண்டபாணி குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படித்தார். மேலிருந்து கீழே ஒருமுறை, மறுபடியும் ஒருமுறை. பதினெட்டு வருஷமாகத் தினமும் இருபது தடவை பார்க்கிற சொல். அதற்கு அகராதி பார்க்கலாம் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

“கட்டுன்னும்தான் போட்டிருக்கான்” என்று முணுமுணுத்தார். பிறகு, “திங்கட்கிழமை விழுப்புரம் வந்து ஐயாகிட்ட நீயே சொல்லு. நான் இப்ப இதுல கை வைக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை விடிந்ததும் இருதயமேரியும் பெரியதம்பியும் சின்னபாபுசமுத்திரம் ஸ்டேஷனுக்கு நடந்து போய் ரயில் ஏறினார்கள். வளவனூர் தாண்டியதும் பெரியதம்பி மெல்ல ஆரம்பித்தார்.

“டீச்சரம்மா, நான்தான் அர்த்தம் சொன்னேன்னு சொல்லிடறேன். படிக்காதவன், ஒண்ணும் பண்ண மாட்டாங்க. உனக்கு வேலை போயிடும்.”

“உங்களுக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னு அவருக்குத் தெரியாதா, அண்ணே?”

அவர் மடியிலிருந்த அகராதியைத் துண்டில் சுற்றி வைத்துக்கொண்டார்.

ஆபீசில் அவர்களை நெடுநேரம் தாழ்வாரத்தில் நிற்க வைத்தார்கள். கூப்பிட்டபோதும் வாசற்படிக்கு இந்தப் பக்கம்தான் நின்றார்கள். தாசில்தார் நடுவயது மனிதர். குரலை உயர்த்தவில்லை.

“எட்டாவது வரைக்கும் படிச்சவள். இதுதான் உத்தரவுன்னு நிஜமாவே நம்பினியா?”

ஆமாம் என்று சொல்ல ஒரு நொடி போதும்.

“பாதிதாங்க நம்பினேன்.”

“மீதிப் பாதி?”

“மீதி ஆசைங்க, ஐயா. மழைக்காலம் வருதேன்னு ஆசை. சந்தேகம் வந்தப்பவே இங்க வந்து கேட்டிருக்கணும். கேட்டா இல்லைன்னுடுவாங்களோன்னு பயமா இருந்திச்சு. தப்பு என்னோடதுங்க. பெரியதம்பி அண்ணன் நான் சொன்னதைத்தான் நம்பினாரு.”

குமாஸ்தா சொல்லியிருந்த அகராதியைத் தாசில்தார் கேட்டார். பெரியதம்பி படி தாண்டிப் போய் அதை மேசை ஓரத்தில் வைத்துவிட்டுப் பழையபடி விலகி நின்றார். தாசில்தாரும் ஒருமுறை அந்தப் பக்கத்தைப் படித்தார். உதட்டோரம் லேசாகச் சுளித்தது. சிரிப்பா, கோபமா என்று தெரியவில்லை.

“கோதண்டபாணி, அந்த இடம் யாருக்காவது வேணுமா?”

“இல்லீங்க. கரை மேடு. தண்ணிப் போக்குக்கும் குறுக்கே இல்லை. ஆட்சேபணை யாரும் எழுதிக் கொடுக்கலை.”

“அப்போ அதை அப்படியே எழுது.” அவள் பக்கம் திரும்பினார். “நடந்ததை நீயும் எழுதிக் கொடு. இப்ப சொன்ன மாதிரியே, ரெண்டு பாதியையும் எழுது.”

தாழ்வாரத்தில் உட்கார்ந்து அவள் எழுதினாள். ஆசை என்பதற்கு இங்கிலீஷில் என்ன போடுவது என்று வெகுநேரம் யோசித்தாள். கடைசியில் சாதாரணச் சொல்லாகவே போட்டாள். கோதண்டபாணி வாங்கிப் படித்துவிட்டு ஒரு எழுத்துப் பிழையை மட்டும் திருத்தச் சொன்னார்.

ஐப்பசி போய் கார்த்திகையும் முடிந்தது. கொட்டகையைப் பிரிக்க யாரும் வரவில்லை, பதிலும் வரவில்லை. மார்கழியில் தலையாரி ஒரு காகிதம் கொண்டுவந்து கொடுத்தார். தாசில்தார் மேலே எழுதி அனுப்பியதற்கு வந்த உத்தரவு. கரை மேட்டில் பதினெட்டு சென்ட் நிலத்தைப் பள்ளிக்கூடத்துக்கென்று ஒதுக்கியிருந்தார்கள். அனுமதியில்லாமல் கட்டியதற்கு டீச்சருக்கு ஒரு கண்டிப்பும் அதே காகிதத்தில் இருந்தது.

இருதயமேரி எல்லாருக்கும் கேட்கிற மாதிரி இரண்டையும் வாசித்துத் தமிழில் சொன்னாள். கண்டிப்பைச் சொல்லும்போது முகம் சிவந்தாலும் குரல் தணியவில்லை.

“அந்தக் கண்டிப்பு, கட்டின எங்களுக்குல்ல வந்திருக்கணும்?” என்றாள் சவுரியம்மாள்.

“எனக்குத்தான் சரி, பாட்டி” என்று சொல்லிவிட்டு இருதயமேரி பிள்ளைகளைக் கூப்பிட்டாள். கூரையில் காக்கை பிய்த்த இடத்துக்கு விழல் செருக பெரியதம்பி அதற்குள் மேலே ஏறியிருந்தார். கீழே இரண்டாம் வகுப்பு, கழுத்தைத் தூக்கி அவரையே பார்த்துக்கொண்டு, கணக்கைத் தப்பும் தவறுமாகப் போட்டது.